முதல்முறை கென்யா போகிறவர்களுக்கு: பகுதிவாரியாகப் பாதுகாப்பு

டிக்கெட் போடுவதற்கு முன்னால், கவுண்டி எல்லைகள் போட்ட கென்ய வரைபடம் ஒன்றை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2010-ம் ஆண்டின் அரசியல் சாசனம் அந்த நாட்டை 47 கவுண்டிகளாகப் பிரித்தது. நம்மூர் மாவட்டம் மாதிரி. பயண எச்சரிக்கை, காப்பீட்டு விதிவிலக்கு, உள்ளூர்ச் செய்தி எல்லாமே கவுண்டியின் பெயரைச் சொல்லித்தான் வரும். வடகிழக்கு மூலையிலுள்ள மண்டேராவில் நடந்த தாக்குதலைப் படித்துவிட்டு, தென்மேற்கிலுள்ள மசாய் மாரா வனவிலங்குக் காப்பகப் பயணத்தை ரத்து செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நைரோபிக்கும் மண்டேராவுக்கும் இடையே சாலைவழி ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். அந்த வரைபடத்தைப் பார்க்காமல், படத்தில் அழகாக இருக்கிறதென்று லாமுவுக்குப் பேருந்தில் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டாவது தவறு உயிருக்கே உலை வைக்கும்.

வரைபடத்தில் கோடு போடுங்கள்

சிவப்புப் பென்சிலால் முதலில் சோமாலியா எல்லையை ஒட்டிய மண்டேரா, வஜிர், கரிஸ்ஸா ஆகிய மூன்றையும் அடைத்துவிடுங்கள். சோமாலியாவைச் சேர்ந்த அல்-ஷபாப் தீவிரவாதக் குழுவின் தாக்குதல்கள் அதிகம் நடப்பது இங்கேதான். 2014 நவம்பரில் மண்டேராவிலிருந்து கிளம்பிய பேருந்தை மறித்து 28 பேரைக் கொன்றார்கள். 2015 ஏப்ரல் 2 அன்று கரிஸ்ஸா பல்கலைக்கழகத்தில் 148 பேர் இறந்தார்கள். சாலையில் புதைத்து வைக்கும் கண்ணிவெடிகள் போலீஸ் வண்டிகளைக் குறிவைப்பவை, ஆனால் மேலே ஏறுவது யார் வண்டி என்று வெடிக்குத் தெரியாது. சுற்றுலாவுக்காக இந்த மூன்று கவுண்டிகளுக்கும் போகவே வேண்டாம்.

லாமு கொஞ்சம் வேறு மாதிரி. அந்தக் கவுண்டியின் நிலப்பகுதியும் போனி காடும் சிவப்பு. 2014 ஜூனில் ம்பெகெடோனியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். லாமு, மண்டா தீவுகளுக்கோ பயணிகள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். போக விரும்பினால் நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து விமானம் பிடியுங்கள். விமானம் இறங்குவது மண்டா தீவிலேயே. அங்கிருந்து படகில் லாமு ஊர். நிலப்பகுதியில் கால் வைக்கவே தேவையில்லை. கர்சென், விட்டு (Witu) என்ற ஊர்கள் வழியாக வரும் சாலைப் பேருந்து எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஏறாதீர்கள். எல்லைப் பக்கமுள்ள வடக்குத் தீவுகளுக்குப் படகுப் பயணம் என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். 2011-ல் வெளிநாட்டவர்களைக் கடத்திச் சென்றது இந்த லாமு கடற்கரைப் பகுதியில்தான்.

அடுத்து மஞ்சள் பென்சில். துர்கானா, மேற்கு போகோட், பாரிங்கோ, எல்கேயோ மரக்வெட், சம்புரு, லைகிபியா ஆகிய ஆறு கவுண்டிகளையும் 2023 பிப்ரவரியில் அரசு பதற்றப் பகுதிகளாக அறிவித்து ராணுவத்தை அனுப்பியது. இங்கே பிரச்சினை கால்நடைக் கொள்ளை. நம் இலக்கியத்தில் வெட்சி, கரந்தை என்று படித்த ஆநிரை கவர்தலும் மீட்டலும்தான், கையில் மட்டும் தானியங்கித் துப்பாக்கி. வறட்சியில் புல்லுக்கும் நீருக்கும் போட்டி முற்றும்போது சாலையில் போகும் வண்டிகளும் சுடப்படுகின்றன. ஆறு கவுண்டியும் முழுக்க ஆபத்து என்று அர்த்தமில்லை. நன்யுகி பக்கம் ஓல் பெஜெட்டா காப்பகம் லைகிபியாவில்தான் இருக்கிறது. பயணிகள் தினமும் போகிறார்கள். சம்புரு தேசியக் காப்பகத்துக்கும் இசியோலோ வழியாகப் பகலில் போய்வருகிறார்கள். துர்கானா ஏரிக்குக் கிடாலேயிலிருந்து கைனுக் வழியாகச் சாலையில் போவதைத் தவிருங்கள். லோட்வாருக்கு விமானம் உண்டு.

கோடு போட்ட பிறகு, பிரிட்டன், அமெரிக்க அரசுகளின் கென்யப் பயண அறிவுரைப் பக்கங்களைத் திறந்து உங்கள் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஊர், சாலை அளவுக்கு விவரம் தருவார்கள், அடிக்கடி மாற்றுவார்கள். கிளம்பும் வாரம் இன்னொரு முறை பாருங்கள்.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிதான் முதல். நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வதும் இதில்தான். இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா அதைக் கேட்பதில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறார்கள். சிக்கல் திரும்பி வரும்போது. இந்தியாவின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் கென்யா இருக்கிறது. செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். இலங்கையும் சான்றிதழ் கேட்கிறது. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், கொழும்பில் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய இடங்களில் போடுகிறார்கள். முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு போங்கள். அட்டையில் எழுதும் பாஸ்போர்ட் எண்ணை அங்கேயே சரிபாருங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஊசிக்கு முன் தங்கள் மருத்துவரிடம் பேச வேண்டும்.

மலேரியா இரண்டாவது. நைரோபி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், குன்னூர் மாதிரி குளிர்ந்த ஊர். அங்கே ஆபத்து குறைவு. மொம்பாசா கடற்கரையிலும், கிசுமு, ஹோமா பே போன்ற விக்டோரியா ஏரிக்கரைக் கவுண்டிகளிலும் ஆபத்து அதிகம். அங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை. நாம் நம்மூரில் பார்த்துப் பழகிய, விட்டு விட்டு வரும் குளிர்காய்ச்சல் மாதிரி அது பொறுத்திருக்காது. சில நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிவிடும். குளோரோகுயின் அதற்கு வேலை செய்யாது. மருத்துவர் எழுதிக் கொடுப்பது பொதுவாக இரண்டில் ஒன்று: டாக்சிசைக்ளின் தினம் 100 மில்லிகிராம், அல்லது அட்டோவாகுவோன்-புரோகுவானில் கூட்டு மாத்திரை. இரண்டையும் போவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்க வேண்டும். முதலாவதை அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும், ஏனென்றால் அது ரத்தத்தில் உள்ள கிருமியைத்தான் அடக்கும். கல்லீரலில் பதுங்கியது பிறகு வெளியே வரும். இரண்டாவது கல்லீரலிலேயே அடித்துவிடுவதால் ஏழு நாள் போதும். ஊருக்கு வந்தாயிற்றே என்று பாதியில் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு.

2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதி. அரசுத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். தேடும்போது முதலில் வருகிறவை பெரும்பாலும் இரண்டு மடங்கு பணம் வாங்கும் இடைத்தரகர் தளங்கள். காப்பீடு எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: விமானத்தில் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் செலவு உண்டா, அரசுகள் தவிர்க்கச் சொன்ன பகுதியில் நடந்தால் பணம் தருவீர்களா. மாராவில் கால் முறிந்தால் நல்ல எலும்பு மருத்துவர் நைரோபியில்தான். ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை வில்சன் நிலையத்திலிருந்து வரும். யார் பணம் கட்டுவது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

பெட்டி கட்டும்போது பிளாஸ்டிக் கவர்களை எடுத்துவிடுங்கள். பருப்புப் பொடி, முறுக்கு, ஊறுகாய் என்று ஒவ்வொன்றையும் கேரி பேக்கில் சுற்றுவது நம் பழக்கம். 2017 ஆகஸ்ட் முதல் அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. சட்டப்படி 40 லட்சம் ஷிலிங் வரை அபராதமோ நான்கு ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். துணிப்பை, டப்பா, மஞ்சப்பை போதும். தேசியப் பூங்காக்களில் 2020 முதல் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. எவர்சில்வர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்க நகையை வீட்டிலேயே விடுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அந்த நாட்களுக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்து, உடைக்குள் மறைத்துக்கொள்ளலாம். சங்கிலி அறுப்பில் கழுத்துத்தான் முதலில் காயப்படும்.

நைரோபி

பகலில் வந்து இறங்கும் விமானமாகப் பாருங்கள். பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர் என்பதால் ஆண்டு முழுக்க மாலை ஆறரை வாக்கில் சூரியன் மறையும், அதிலிருந்து அரை மணிக்குள் கும்மிருட்டு. "ஏழு மணிக்குத்தானே, வெளிச்சம் இருக்கும்" என்ற கணக்கு அங்கே செல்லாது.

விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் கார்டு வாங்கி, எம்-பெசா என்ற கைபேசிப் பணக் கணக்கும் திறந்துவிடுங்கள். பெட்டிக்கடை வரை அதில்தான் பணம் போகிறது. கையில் கட்டாக நோட்டு வைத்திருக்க வேண்டியதில்லை. பிறகு ஊபர் அல்லது போல்ட் செயலியில் வண்டி பிடியுங்கள். ஏறும் முன் நம்பர் பிளேட்டைப் பார்த்து, ஓட்டுநரின் பெயரை அவரே சொல்லட்டும். நீங்கள் சொல்லி அவர் ஆமாம் போடக் கூடாது. 2022-ல் திறந்த எக்ஸ்பிரஸ்வே வழியாகப் போகச் சொல்லுங்கள். சுங்கம் கொடுத்தாலும் நெரிசலில் நிற்க வேண்டாம். நெரிசலில் நிற்கும் காரின் ஜன்னல் வழியாகக் கைபேசியைப் பறிப்பதுதான் அந்த நகரத்தின் அன்றாடத் திருட்டு. கண்ணாடியை முழுக்க ஏற்றி, கதவைப் பூட்டி, கைபேசியை மடிக்குக் கீழே வையுங்கள். வழி பார்க்க வேண்டுமானால் ஓட்டுநரின் கைபேசி இருக்கிறது.

தங்குவதற்கு வெஸ்ட்லாண்ட்ஸ், பார்க்லாண்ட்ஸ், கிலிமானி, கரென் பகுதிகள் வசதி. பார்க்லாண்ட்ஸில் தலைமுறைகளாக இந்தியக் குடும்பங்கள் வாழ்வதால் சைவச் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. நகர மையத்தில் ரிவர் ரோடு, டாம் ம்போயா தெருப் பக்கம் பகலிலும் பையை முன்னால் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். இருட்டிய பிறகு எந்தப் பகுதியிலும் நடக்க வேண்டாம், இருநூறு மீட்டர் தூரத்துக்கும் வண்டிதான். ஈஸ்ட்லே, மதாரே, கிபேரா பகுதிகளுக்கு அங்கேயே வசிக்கும் ஒருவர் கூட இல்லாமல் போகாதீர்கள். காலை நடைக்கு கருரா காடு நல்ல இடம். வேலி, நுழைவுக் கட்டணம், காவலர்கள் உண்டு. ங்கோங் குன்றுகளில் நடக்க ஆயுதக் காவலரை அமர்த்திக்கொள்ள வேண்டும்.

மால், ஓட்டல் வாசலில் பையைச் சோதிப்பார்கள், காரின் அடியில் கண்ணாடி விட்டுப் பார்ப்பார்கள். 2013 செப்டம்பரில் வெஸ்ட்கேட் மாலில் 67 பேரும், 2019 ஜனவரியில் டுசிட் டி2 ஓட்டல் வளாகத்தில் 21 பேரும் கொல்லப்பட்ட ஊர் அது. பொறுமையாக நில்லுங்கள். உள்ளே போனதும் இன்னொரு வெளிவழி எங்கே என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று. யாராவது உங்கள் கைபேசியைப் பறித்துக்கொண்டு ஓடினால் "ம்விஸி" என்று கத்தாதீர்கள். சுவாஹிலியில் திருடன் என்று பொருள். அந்தச் சொல் கேட்டதும் கூட்டம் கூடி, பிடிபட்டவனை அடித்தே கொன்றுவிடும் சம்பவங்கள் அங்கே நடக்கின்றன. ஒரு கைபேசிக்காக ஓர் இளைஞனின் உயிர் போக நாம் காரணமாகக் கூடாது. உதவிக்கு "ம்சாடா" என்று கேளுங்கள்.

சாலை

துப்பாக்கியைவிடச் சாலையைத்தான் இங்கே அதிகம் கவனிக்க வேண்டும். 2023 ஜூன் 30 அன்று லொண்டியானி சந்திப்பில் கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மலைச்சரிவு, பாரம் மிகுந்த லாரி, பிரேக் சூடேறிச் செயலிழப்பது, எதிர்த்திசையில் முந்தும் வண்டி: காரணங்கள் இவையே திரும்பத் திரும்ப.

அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அதனால் நாமே ஓட்டலாம் என்று தோன்றும். முதல் பயணத்தில் ஓட்டுநரோடு வண்டி எடுப்பதே நல்லது. இரவில் நெடுஞ்சாலைப் பயணம் கூடவே கூடாது. விளக்கில்லாத லாரி, வண்ணம் அடிக்காத வேகத்தடை, ரோட்டில் படுத்திருக்கும் மாடு எதுவும் தெரியாது. ரோட்டில் வரிசையாகப் பச்சைக் கிளைகளை ஒடித்துப் போட்டிருந்தால் முன்னால் பழுதான வண்டி நிற்கிறது என்று அர்த்தம். உடனே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

சஃபாரி வேன் வந்து நின்றதும், பெட்டியை ஏற்றும் முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் வெடுக்கென்று இழுங்கள்; இழுத்ததும் பிடித்து நிற்க வேண்டும், தளர்ந்து வந்தால் அது வேலை செய்யாத பெல்ட். கொக்கியை மாட்டிப் பாருங்கள், பின் இருக்கைகளில் கொக்கி சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும். டயரின் பள்ளத்தில் நகத்தை விட்டுப் பாருங்கள். ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ஓட்டுநர் நேற்று இரவு எங்கே படுத்தார் என்றும் கேட்கலாம். விடிய விடிய வேறு குழுவை ஓட்டிவிட்டு வந்தவராக இருந்தால் முகமே சொல்லும். பயணிகள் வண்டிகளுக்கு வேக வரம்பு 80 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் "போலே போலே" என்று சொல்லுங்கள். மெல்ல என்று அர்த்தம். இதில் கூச்சம் வேண்டாம்.

நைரோபியிலிருந்து மாராவுக்கு மாய் மஹியு, நாரோக் வழியாக ஐந்தாறு மணி நேரம். மாய் மஹியு இறக்கத்தில் காலையில் மூடுபனி இருக்கும். ஏழு மணிக்குப் பிறகு கிளம்பினால் நகர நெரிசலில் கொஞ்சம் நேரம் போகும், ஆனால் பனி விலகியிருக்கும். மொம்பாசாவுக்கு ரயிலே சிறந்த வழி. 2017-ல் தொடங்கிய இந்த ரயில் சுமார் ஐந்து மணி நேரத்தில் போய்விடும்; பெட்டிச் சோதனை உண்டு என்பதால் ஒரு மணி நேரம் முன்பே சியோகிமாவு நிலையத்தில் இருக்க வேண்டும்.

மட்டாட்டு எனப்படும் சிறு பேருந்துகளிலும் போடா போடா எனப்படும் பைக் டாக்ஸியிலும் புதியவர்கள் ஏறாமலிருப்பது நல்லது. பைக்கில் போயே ஆக வேண்டுமென்றால் ஹெல்மெட் தருபவரிடம் மட்டும் ஏறுங்கள்.

நேரம் பேசும்போது ஒரு கவனம். சுவாஹிலியில் மணிக்கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்கும், நம் பழைய நாழிகைக் கணக்கு மாதிரியே. "சா ம்பிலி" என்றால் இரண்டு மணி. நம் கடிகாரத்தில் எட்டு. எந்தக் கடிகாரம் என்று கேட்டுக்கொள்ளாமல் விட்டால் வண்டிக்காக இருட்டில் நிற்க வேண்டி வரும்.

கடற்கரை

மொம்பாசா பழைய நகரத்தையும் ஜீசஸ் கோட்டையையும் பகலில் பாருங்கள். தெற்கே டியானிக்குப் போக லிகோனி படகில் ஏறினால் கூட்டத்தில் பாக்கெட் காலியாகும். டோங்கோ குண்டு பைபாஸ் வழியே சுற்றிப் போகலாம், அல்லது உக்குண்டாவுக்கு நேரடி விமானம். மணலில் கூடவே நடந்து வந்து பவளப்பாறைக்குக் கூட்டிப் போகிறேன் என்பவரிடம் "ஹபானா அசாந்தே", வேண்டாம் நன்றி, என்று சொல்லி நடந்துகொண்டே இருங்கள். ஆறு மணிக்குப் பிறகு கடற்கரையில் இருக்காதீர்கள். கடலில் இறங்க ரப்பர் செருப்பு வேண்டும், பாறையில் கடல் முள்ளெலி உண்டு.

காடு, மழை, நீர்

மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுமழை. மாராவின் மண் நம் கோவில்பட்டிக் கரிசல் மாதிரி. நனைந்தால் சக்கரம் அச்சு வரை புதையும். மழைக்காலத்தில் நான்கு சக்கர இழுவை இல்லாத வேன் வேண்டாம். 2024 ஏப்ரல் கடைசியில் தலேக் ஆறு பெருகி மாராவில் முகாம்களை மூழ்கடித்தது. முகாம் பதிவு செய்யும்போது ஆற்றிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேளுங்கள்.

நைவாஷா அருகிலுள்ள ஹெல்ஸ் கேட் பூங்காவின் பள்ளத்தாக்கு தனி எச்சரிக்கை கேட்கும் இடம். 2012-லும் 2019-லும் திடீர் வெள்ளம் பயணிகளை அடித்துச் சென்றது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மேலே எங்கோ பெய்த மழை குறுகிய பாறை இடுக்கில் சுவர் மாதிரி வரும். சுற்றிலும் எங்காவது மேகம் கறுத்திருந்தால், வழிகாட்டி பரவாயில்லை என்றாலும் உள்ளே இறங்காதீர்கள்.

நைவாஷா ஏரிக்கரைப் புல்லில் இரவில் நீர்யானை மேயும். அதற்கும் தண்ணீருக்கும் இடையில் நாம் நின்றால் பாயும். விக்டோரியா ஏரியில் குளிக்க வேண்டாம். நத்தையிலிருந்து வரும் நுண்புழு தோல் வழியாக உடலில் புகும். பூங்காவில் அனுமதித்த இடம் தவிர வண்டியை விட்டு இறங்காதீர்கள், ஜன்னலுக்கு வெளியே குழந்தையைத் தூக்கிக் காட்டாதீர்கள்.

ஏமாற்று வேலைகள்

தங்கம் மலிவாகக் கிடைக்கும் என்று வியாபார நோக்கில் போகிறவர்களை நைரோபியில் ஒரு கூட்டமே குறிவைக்கிறது. காங்கோவிலிருந்து வந்த தங்கம் என்பார்கள். பெரிய பங்களா, சூட்டு போட்டவர்கள், சோதனைக்கு உண்மையான தங்கத்துண்டு. பிறகு சுங்கவரி, ஏற்றுமதி உரிமம் என்று முன்பணம் மேல் முன்பணம். கட்டிய பணம் திரும்பாது. எவ்வளவு நம்பிக்கையானவர் அறிமுகப்படுத்தினாலும் இதில் இறங்காதீர்கள்.

தெருவில் பேச்சுக் கொடுக்கும் "அகதி மாணவர்" இன்னொன்று. காபி குடித்தபடி பேசி, உதவி கேட்டு, பணம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் "போலீஸ்" வந்து, தேடப்படும் ஆளோடு பேசினீர்கள் என்று அபராதம் கேட்கும். காவல் நிலையத்துக்குப் போய்ப் பேசலாம் என்று உறுதியாகச் சொன்னால் பெரும்பாலும் கலைந்துவிடுவார்கள்.

மதுக்கூடங்களில் "ம்செலே" என்ற சொல் காதில் விழலாம். அரிசி என்று பொருள். கொச்சையில் கோப்பையில் கலக்கும் மயக்கமருந்து. மூடி திறந்து கைக்கு வந்ததை மட்டும் குடியுங்கள், விட்டுப் போன கோப்பைக்குத் திரும்பாதீர்கள். எம்-பெசாவில் "தவறுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று யாராவது அழைத்தால், வந்த குறுஞ்செய்தியை நம்பாமல் கணக்கில் இருப்பைப் பாருங்கள்.

போராட்ட நாட்கள்

2024 ஜூன் 25 அன்று வரி மசோதாவுக்கு எதிரான கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியிலும், சபா சபா (ஏழு ஏழு) எனப்படும் ஜூலை 7 போராட்ட நாளிலும் நைரோபி மையத்துக்கு வர வேண்டியிருக்கும் திட்டம் போடாதீர்கள். சாலைகளை மறித்தால் விமானம் தவறும், முந்தைய இரவே நிலையத்துக்கு அருகில் போய்விட வேண்டும். அடுத்த பொதுத்தேர்தல் 2027 ஆகஸ்ட் 10. 2007 தேர்தலுக்குப் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு தேர்தலும் அப்படி ஆவதில்லை என்றாலும் அந்த மாதத்தை விட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

அவசர எண் 999 அல்லது 112, செஞ்சிலுவைச் சங்கம் 1199. ஓட்டல் வரவேற்பறை எண்ணையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கைபேசி போனால் எண்ணும் போய்விடும். திருட்டு நடந்தால் காவல் நிலையத்தில் பதிவு எண்ணோடு எழுத்துச் சான்று வாங்குங்கள். அது இல்லாமல் காப்பீடு நகராது, புதிய பாஸ்போர்ட்டும் தாமதமாகும். நைரோபியில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. பெரிய தனியார் மருத்துவமனைகள் முன்பணம் கேட்கும், ஆகவே காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணை முதலில் அழையுங்கள்.

திரும்பும் நாளில் மஞ்சள் காய்ச்சல் அட்டையைப் பெட்டியில் போடாமல் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். வந்த பிறகு மூன்று மாதத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், டெங்குவாக இருக்கும் என்று காத்திராமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போய், "கென்யாவில் இருந்துவிட்டு வந்தேன், மலேரியா பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்.